டைமர் இன்டரப்ட் தள்ளிப் போகுது, யாராவது வழி சொல்லுங்க

ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், 16 மெகாஹெர்ட்ஸ். டைமர்1 சிடிசி மோடுல (குறிச்ச எண்ணிக்கை வந்ததும் ஜீரோவுல இருந்து திரும்ப எண்ணும்) 100 மைக்ரோசெகண்டுக்கு ஒரு இன்டரப்ட் (ஓடற ப்ரோக்ராமை இடைநிறுத்தற சிக்னல்) வச்சு ஒரு பின்னை டாகிள் பண்றேன், அதாவது ஆன், ஆஃப்னு மாத்தறேன், சும்மா ஓடுறப்ப எட்ஜ் அசையாம நிக்குது, ஆனா 115200 பாட்ல சீரியல் டேட்டா வர ஆரம்பிச்சா ஸ்கோப்புல 5, 6 மைக்ரோசெகண்ட் தள்ளிப் போகுது. டேட்டாஷீட்படி ரெஸ்பான்ஸ் குறைஞ்சது 4 சைக்கிள், அதாவது கால் மைக்ரோசெகண்ட், அதனால சந்தேகம் சீரியல் டேட்டாவை வாங்கற யூஆர்ட்டோட ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வந்தா ஓடற ஃபங்ஷன்) மேலதான். இன்டரப்ட்களோட முன்னுரிமை வரிசையான வெக்டார் டேபிள்ல டைமர்1 முன்னாடி இருந்து என்ன பிரயோஜனம், ஓடிட்டிருக்கற ஐஎஸ்ஆரை அது நிறுத்தாதே! யூஆர்ட் ஐஎஸ்ஆர்ல முதல் வேலையா யூடிஆர்0வை (வந்த பைட் இருக்கற ரெஜிஸ்டர்) படிச்சுட்டு உடனே இன்டரப்டை எனேபிள் பண்ணிடலாமா, அடுத்த பைட் வர எப்படியும் 87 மைக்ரோசெகண்ட் ஆகும்ல? ரேம் 2 கேபிதான், ஒரு ஐஎஸ்ஆருக்குள்ள இன்னொண்ணு ஓடினா ஸ்டாக் தாங்குமான்னு ஒரு பயம். டைமர்1-ஓட ஓசி1ஏ பின்ல ஹார்ட்வேரே டாகிள் பண்ணும், தெரியும், ஆனா போர்டுல அந்தப் பின் வேற வேலைக்குப் போயிடுச்சு. இப்படி நெஸ்டிங் போட்டு ஓட்டினவங்க இருக்கீங்களா?