என் மார்க் 3: வலி வர வைத்த அனுபவம்

தலைச்சன் பிரசவம். 40 வாரம் முடிந்து 6 நாள் ஆகியும் வலி வரவில்லை, அட்மிட் ஆகச் சொன்னார்கள். டாக்டர் உள்பரிசோதனை செய்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே நர்ஸிடம் "பிஷப் 3" என்றார். "எந்தச் சர்ச்சு பிஷப்?" என்று மாமியார் என் காதில் கேட்டார். அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

நர்ஸ் அக்காதான் பொறுமையாகச் சொன்னார். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு இளகியிருக்கிறது, முன்பக்கம் வந்துவிட்டதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, இவ்வளவுக்கும் சேர்த்து 13 மார்க்காம். 8க்கு மேல் இருந்தால் தானாக வலி வந்தது போலவே பிரசவமாக வாய்ப்பு அதிகம். "உங்களுக்கு மூக்கு நுனி மாதிரி கெட்டியா இருக்கும்மா. உதடு மாதிரி ஆகணும்."

வாய் இளக ஜெல் வைத்தார்கள். ராத்திரி இன்னொரு ஜெல். காலையில் மார்க் 5. அப்புறம் பனிக்குடத்தை உடைத்து, வலிக்கு ட்ரிப்ஸ். சாயங்காலத்துக்குள் குழந்தை பிறந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். வாய் திறந்தது 4 சென்டிமீட்டரில் நின்றதுதான், மறுநாள் விடியும்வரை நகரவில்லை. சிசேரியன். இரண்டு நாள்கூட ஆகலாம் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

மறுமொழி: எனக்கும் மார்க் கம்மிதான் தோழி, 4. ஆனால் இது இரண்டாவது பிரசவம். ராத்திரி வாய் திறக்க உள்ளே பலூன் வைத்தார்கள். காலையில் பாத்ரூமில் அதுவாகவே விழுந்துவிட்டது, நான் அலறிவிட்டேன்! மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெண் குழந்தை.

மறுமொழி: பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். மாமியாரிடம் சொல்லுங்கள், எட்வர்ட் பிஷப் அமெரிக்க டாக்டர். 1964இல் அவர் இந்தக் கணக்கைப் போட்டதே ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களை வைத்துத்தான். தலைச்சனுக்கு அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. மார்க் குறைந்தால் கத்திதான் என்றும் இல்லை. 2018இல் அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட தலைச்சன் தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு மேல் கர்ப்பப்பை வாய் இளகித் தயாராகவே இல்லை. அப்படியும், 39ஆவது வாரத்தில் வலி வர வைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குத்தான் சிசேரியன். காத்திருந்தவர்களில் 22.2. உங்களுக்கு ஒன்று: அடுத்த பிரசவத்துக்குப் போனால் சிசேரியன் தையல் இருப்பதை முதல் வேலையாகச் சொல்லுங்கள். வலி வர வைக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை உங்களுக்குக் கூடாது, பழைய தையல் பிரியலாம்.