சனி, ஞாயிறு ரேடியோ அறிவிப்பாளர்கள்: டர்பன்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

நெல்லைக்காரி:
தென்னாப்பிரிக்காவில் இந்த டர்பனுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. வந்த புதிதில் இந்த ஊர் ரேடியோவைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். முக்கால்வாசி ஆங்கிலம், நடுவில் ஒரு "வணக்கம், எப்படி இருக்கீங்க", ஒரு பாட்டு, மறுபடி ஆங்கிலம். இதற்குப் பேர் தமிழ் நிகழ்ச்சியா என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா. எண்பதைத் தாண்டியவர். பிறந்தது மேகசின் பாரக்ஸில். 1960களில் அங்கிருந்த நகராட்சித் தொழிலாளர் குடும்பங்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டார்களே, அப்போது வந்தவர். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேசுவதும் சோறு, சாமி, "போயிட்டு வா" அளவில்தான். ஆனால் காலையில் ரேடியோவில் பக்திப் பாட்டு போனால், பாடகர் வாய் திறப்பதற்குள் ஆயா அடுத்த வரியைப் பாடியிருப்பார். அர்த்தம் கேட்டேன். "தெரியாதுமா. எங்க அம்மா பாடுவாங்க." அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை வழக்கமான அறிவிப்பாளர் வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பையன் பேசினான். எந்த நிலையம் என்று நான் சொல்லமாட்டேன், பாவம் அவன். அப்பழுக்கில்லாத தமிழ். எனக்குக் குதூகலம். பிறந்தநாள் வாழ்த்து வாசிக்க ஆரம்பித்தான். கோவேந்தர் என்று எழுதி வந்திருக்க வேண்டும், "கவுண்டர் குடும்பத்தார்" என்றான். மூட்லியை முதலியார் ஆக்கினான். ஆயா கரண்டியை வைத்துவிட்டார்.

"யார் இவன்? அவங்க பேர் அது இல்லியே."

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பேரைக் காதில் விழுந்தபடி குமாஸ்தாக்கள் எழுதியது, மூலம் கவுண்டர்தான் ஆயா என்று நான் மெத்தப் படித்தவளாக விளக்கினேன். 1860இல் முதல் கப்பல் வந்த கதையெல்லாம் சொன்னேன். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் புருஷன் கல்லறையில கோவேந்தர்னுதான் இருக்கு" என்றார். நேரே நிலையத்துக்கு போன் போட்டார். இருபது நிமிடம் காத்திருந்து, லைனில் வந்ததும் "தம்பி, பேரை ஒழுங்கா சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஒலிபரப்பில் கேட்டது. பையன் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரம் கோவேந்தரை அழுத்தித் திருத்தமாக வாசித்தான், கொஞ்சம் அதிகமாகவே.

உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

ஃபீனிக்ஸ் அண்ணன்:
எனக்கு ரேடியோ என்றால் அப்பாதான். 1983இல் இங்குள்ள இந்தியர்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் நிலையம் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஞாயிறு மதியம் துண்ணி என்கிற சீட்டாட்டம் ஆட உட்காருவார்கள், சீட்டுக்கட்டு பக்கத்திலேயே ரேடியோ. பாட்டு நன்றாக இருந்தால் ஆட்டம் நிற்கும். தோற்கப் போகிறவன்தான் "பாட்டைக் கேளுங்கப்பா" என்று முதலில் சொல்லுவான்.

2016 மே மாதம் இந்த நாட்டின் பொது ஒலிபரப்பில் 90 விழுக்காடு உள்நாட்டு இசை என்று உத்தரவு வந்தது நினைவிருக்கும். அப்பா காரில் சிடி போட ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருடம் அது கைவிடப்பட்டும் பழக்கம் போகவில்லை. ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்: அந்தச் சமயத்தில்தான் நம் டர்பன் பாடகர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. அப்பாவிடம் சொன்னால் அடிப்பார்.

புரட்டாசிக் கோபக்காரி:
என் புகார் சின்னது. புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. மூன்றாவது சனிக்கிழமை, வாழை இலையில் பருப்பும் பூசணிக்காயும் வைத்திருக்கிறேன். ரேடியோவில் ஓர் அறிவிப்பாளர் பத்து நிமிடமாக நண்டுக் கறி வைப்பது எப்படி என்கிறார்! புளி கரைப்பது வரைக்கும் விவரம். என் பிள்ளைகள் இலையைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். தமிழ் பேசாவிட்டால் போகட்டும். என்ன மாதம் என்றாவது தெரிய வேண்டாமா?

டோங்காட் தம்பி:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் நான் ஓர் அறிவிப்பாளருக்குக் கடன்பட்டவன். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரி எப்போது வரும், எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு, பாட்டு நிகழ்ச்சி நடத்தும் பெண் பாட்டை நிறுத்திவிட்டு, "லாரியைப் பார்த்தவர்கள் கூப்பிடுங்கள்" என்றார். வந்துகொண்டே இருந்தது அழைப்பு. தெருப் பெயர், கோயில் பெயர், "பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி". ஒரு ஆன்ட்டி லாரி நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, "அப்படியே என் மகளுக்கு ஒரு கல்யாணப் பாட்டு போடுமா" என்றார். போட்டார்கள். நான் இரண்டு வாளியோடு ஓடும்போது பின்னால் எல்லா வீட்டிலும் அந்தப் பாட்டுதான்.

அவர் பேசியது ஒரு வார்த்தை கூடத் தமிழ் இல்லை.

நெல்லைக்காரி:
தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் மாரியம்மன் கோயில் கஞ்சிக்கு ஆயாவைக் கூட்டிப் போனேன். இங்கே போரிட்ஜ் பிரேயர் என்பார்கள். ஜூலைக் குளிர், நீண்ட வரிசை. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஒருவன் "வாங்க, வாங்க" என்றதும் ஆயா என் கையைப் பிடித்தார். முகம் பார்த்ததில்லை, குரல் போதும்.

"நீதானே அந்தப் பையன்?"

அவன் திருதிருவென்று முழித்தான். "பேரை ஒழுங்கா சொல்லு" என்றார் ஆயா, அதே குரலில். அவனுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியோடு கையைக் கூப்பி, "கோவேந்தர் ஆயா!" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு.

ஆயா சிரிக்கவில்லை. டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.