கொழுப்புச் சாற்றோடு கடல்நாயின் சொந்த ஹார்மோனும் வருகிறது: பிரிக்க வழி உண்டா?

வணக்கம். ஸ்டாக்ஹோமில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பால்டிக் கடலின் சாம்பல் கடல்நாய்களுடைய தோலடிக் கொழுப்பில் பிசிபி (தொழிற்சாலை வேதிப்பொருள்), டிடிஇ (டிடிடி சிதைந்து வருவது), டீல்ட்ரின் (பழைய பூச்சிக்கொல்லி) ஆகிய மாசுகள் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. இந்தக் கலவை அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பை என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. 1970களில் இங்கே பெண் கடல்நாய்களுக்குக் கருப்பை அடைபட்டதே, அந்தக் கதையின் தொடர்ச்சி.

கொழுப்பிலிருந்து எடுத்த சாற்றைச் செல்கள் மேல் ஊற்றி, அவை சுரக்கும் கார்டிசாலை அளக்கிறேன். செல் எச்295ஆர் (மனித அட்ரீனல் புற்றுச் செல்), 48 மணி நேரம், கரைப்பான் டிஎம்எஸ்ஓ 0.1%, அளவீடு எலைசா (எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் முறை). சரிபார்க்கப் போட்ட வேதிப்பொருள்களில் ஃபோர்ஸ்கோலின் கார்டிசாலை ஏற்றுகிறது, புரோகுளோராஸ் இறக்குகிறது, செல்களும் சாகவில்லை. ஆக, சோதனை முறையில் பழுதில்லை.

ஆனால் செல்லே போடாத குழியிலும் சாறு ஊற்றினால் கார்டிசால் காட்டுகிறது. விலங்கின் சொந்த ஹார்மோன்! அதைக் கழித்துவிடலாம் என்றால், கூடவே வரும் இன்னொரு ஸ்டீராய்டு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் செல்கள் கார்டிசாலாக மாற்றிவிடும். கழித்தல் கணக்கு அங்கேயே உதைக்கிறது.

கந்தக அமிலத்தில் கழுவினேன்: கொழுப்பும் ஹார்மோனும் போயின, டீல்ட்ரினும் சிதைந்தது. மூலக்கூறுகளை அளவு பார்த்துப் பிரிக்கும் ஜெல் நிரலில் கொழுப்பு மட்டும் பிரிந்தது. ஸ்டீராய்டும் மாசும் ஒன்றாகவே வந்தன. வாங்கிய தூய வேதிப்பொருள்களைக் கலந்து பார்க்கலாம்தான், ஆனால் பெயர் தெரியாத மாசுகள் விடுபடும். அப்புறம் இந்த ஆய்வே எதற்கு?

டீல்ட்ரினை இழக்காமல் ஸ்டீராய்டுகளை மட்டும் நீக்க, சிலிக்கா அல்லது ஃப்ளோரிசில் (மெக்னீசியம் சிலிகேட்) நிரலில் எந்தக் கரைப்பான் வரிசை உங்களுக்குக் கைகொடுத்தது?