காலண்டரைத் தொட்டால் அவுட்லுக் ஹேங்: கோளாறு மெஷினிலா, மெயிலிலா?

லாரி மேசை:
சிங்கப்பூர் துவாஸில் ஒரு சிறிய சரக்குக் கம்பெனியில் லாரி அட்டவணை போடுவது என் வேலை. இரண்டு வாரமாக ஒரே தொல்லை. காலை எட்டரைக்கு அவுட்லுக்கைத் திறந்து காலண்டரைத் தொட்டதும் திரை வெளுத்துப்போய் ஹேங் ஆகிவிடுகிறது. நாற்பது விநாடி, சில நாள் ஒரு நிமிடம்கூட. அதற்குள் மூன்று டிரைவர்கள் போன் செய்து "எந்த கேட் அக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வெண்டர் ஆஃபிஸை இரண்டு முறை அழித்து மறுபடி போட்டுப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. லேப்டாப்பில் 8 ஜிபி ராம். கம்பெனி மெயில் எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வரில் இருக்கிறது. என் காலண்டரோடு முதலாளி, இரண்டு கிடங்கு, ஐந்து சக ஊழியர்கள் என்று மொத்தம் ஒன்பது காலண்டர் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கும். புது ராம் போடலாமா என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்ல?

மேகவாசி:
போடுங்கள் என்று சொல்லுங்கள். விண்டோஸ் 11, டீம்ஸ், பிரவுசரில் இருபது டேப், அதற்கு மேல் அவுட்லுக். 8 ஜிபி எப்படித் தாங்கும்? 16 ஆக்குங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்தப் பழைய அவுட்லுக்கை மூடிவிட்டுப் பிரவுசரில் மெயில் பாருங்கள். மெயிலையெல்லாம் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு மாரடிப்பது போன தலைமுறை வேலை.

பழைய ஹெல்ப்டெஸ்க்:
கொஞ்சம் பொறு தம்பி. நாடி பிடிக்காமலே மருந்துச் சீட்டு எழுதுகிறாய். ராம் போதவில்லை என்றால் எக்ஸெல் இழுக்கும், டீம்ஸ் இழுக்கும், எல்லாமே இழுக்கும். காலண்டரைத் தொட்டால் மட்டும் நிற்கிறது என்கிறார் இவர். அது வேறு கதை.

வெண்டர் செய்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஃபிஸை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் உங்கள் அவுட்லுக் அமைப்புகள் அடங்கிய புரொஃபைலும், சர்வர் மெயிலின் நகலைக் கணினியில் வைத்திருக்கும் ஓஎஸ்டி கோப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். வாசல் கதவை மாற்றிவிட்டு, உள்ளே கிடக்கும் மூட்டை ஏன் குறையவில்லை என்று கேட்பது போல.

அம்மா, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஓஎஸ்டி கோப்பு எத்தனை ஜிபி? கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவுட்லுக்கைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். ஆட்-இன், அதாவது அவுட்லுக்கோடு ஒட்டி ஓடும் துணை நிரல், எதுவும் ஏறாது, அப்போதும் ஹேங் ஆகிறதா? மூன்றாவது, அதே மெயிலைப் பிரவுசரில் திறந்தால் எப்படி இருக்கிறது?

லாரி மேசை:
ஓஎஸ்டி 38 ஜிபி! சேஃப் மோடில் அவுட்லுக் சட்டென்று திறந்தது, ஆனால் காலண்டரைத் தொட்டதும் பழையபடி வெளுத்துவிட்டது. பிரவுசரில் என் காலண்டர் உடனே வந்தது.

மேகவாசி:
பிரவுசரில் உடனே வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பழைய ஹெல்ப்டெஸ்க்:
சர்வரில் இருக்கும் இவருடைய பெட்டியில் பழுது இல்லை என்பதற்கு அது சாட்சி. பழுது இவர் மேசையில் இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். பிரவுசருக்கு மாறு என்பது தீர்ப்பு, சோதனை முடிவு இல்லை.

38 ஜிபிக்கு வருவோம். ஓஎஸ்டி 10 ஜிபியைத் தாண்டினால் அவ்வப்போது திணறல் வரும், 25-ஐத் தாண்டினால் அடிக்கடி வரும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. மாற்றாமல் விட்டால் உச்சவரம்பு 50 ஜிபி. அடுத்தவர்களுடைய பகிர்ந்த ஃபோல்டர்களும் இதே கோப்பில்தான் வந்து சேரும். எத்தனை காலத்து மெயிலை இறக்கி வைப்பது என்று அக்கவுண்ட் அமைப்பில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதை ஒரு வருஷத்துக்குக் குறையுங்கள்.

செங்காங் கணக்கு:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். கணக்குத் துறையில் இருப்பவள் என்பதால் பகீர் என்றது. வரி ஆணையம் கேட்டால் காட்டுவதற்கு 5 வருஷத்துப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் மெயிலில்தான் வருகிறது. ஒரு வருஷத்துக்கு முந்தையதைத் தூக்கச் சொல்கிறீர்களே ஐயா!

பழைய ஹெல்ப்டெஸ்க்:
நல்ல கேள்வி. ஸ்லைடர் எதையும் அழிக்காது. பழைய மெயில் சர்வரிலேயே இருக்கும், கணினியில் மட்டும் நகல் இருக்காது. ஃபோல்டரின் அடிப்பகுதிக்குப் போனால் சர்வரில் இன்னும் இருப்பதைக் காட்டவா என்று ஒரு இணைப்பு வரும். நெட் இல்லாத நேரத்தில்தான் கை கட்டிப் போகும்.

மேகவாசி:
அண்ணே, நாடி பிடிப்பது பற்றிப் பாடம் எடுத்தீர்கள். அந்த ஸ்லைடர் மெயிலுக்கு மட்டும்தான். காலண்டரையும் தொடர்புப் பட்டியலையும் அது தொடவே தொடாது, அவை எப்போதும் முழுசாகத்தான் இறங்கும். அக்காவுக்கு ஹேங் ஆவது எங்கே? காலண்டரில். அப்புறம் ஸ்லைடரை இழுத்து என்ன பயன்?

பழைய ஹெல்ப்டெஸ்க்:
ஒத்துக்கொள்கிறேன், அதை நான் சொல்லாமல் விட்டது தப்பு. ஆனால் ஒரே பெரிய கோப்பில் மெயிலும் காலண்டரும் சேர்ந்து கிடக்கின்றன. கோப்பு இளைத்தால் எல்லாவற்றுக்கும் நல்லது. நாற்பது விநாடி ஹேங்குக்கு அது மட்டும் காரணமாக இருக்காது என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது.

செங்காங் கணக்கு:
சேஃப் மோடில் சட்டென்று திறந்தது என்றாரே, அதை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். சாதாரணமாகத் திறக்கும்போது ஏதோ ஒரு ஆட்-இன் நேரத்தைத் தின்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கள் ஆபீஸிலும் இதே கூத்து நடந்தது. இன்வாய்ஸை இன்னொரு சாஃப்ட்வேருக்கு அனுப்பும் ஆட்-இன் ஒன்று அவுட்லுக் திறக்கும்போதெல்லாம் எங்கோ இருக்கும் சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றது.

பழைய ஹெல்ப்டெஸ்க்:
சரியாகப் பிடித்தீர்கள். விண்டோஸில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் 45 என்ற நிகழ்வு எண்ணைத் தேடுங்கள். எந்த ஆட்-இன் ஏற எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று வரிசையாக இருக்கும். ஐந்து முறை திறந்ததில் நடு அளவு ஆயிரம் மில்லிவிநாடியைத் தாண்டினால் அவுட்லுக் தானாகவே அந்த ஆட்-இன்னை முடக்கிவிட வேண்டும். முடக்காமல் இருக்கிறது என்றால், எப்போதும் ஓடட்டும் என்று யாரோ பட்டியலில் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

லாரி மேசை:
6,200 மில்லிவிநாடி. சரக்கு பதிவு செய்யும் ஆட்-இன். வெண்டரிடம் கேட்டேன், "அடிக்கடி அணைந்துபோகிறது என்று நீங்கள்தானே புகார் சொன்னீர்கள், அதனால் நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்" என்றார். சொன்னது நான்தான். அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

மேகவாசி:
பிரவுசரிலும் புது அவுட்லுக்கிலும் அந்த மாதிரிக் கணினியில் நிறுவும் பழைய காம் (COM) வகை ஆட்-இன் ஓடாது. அதை எழுதியவர்களிடம் பிரவுசரிலும் ஓடும் வெப் ஆட்-இன் கேளுங்கள். பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம் என்ன செய்வீர்கள்?

பழைய ஹெல்ப்டெஸ்க்:
2029-ஐ 2029-இல் பார்ப்போம். இவருக்கு நாளைக் காலை எட்டரைக்கு லாரி கிளம்ப வேண்டும்.

செங்காங் கணக்கு:
உங்கள் சண்டை முடியட்டும். அக்கா, நீங்கள் ஒன்பது காலண்டரில் பாதியை டிக் எடுத்துவிட்டு, அவுட்லுக்கை மூடித் திறந்து பாருங்கள். ஹேங் ஆகவில்லை என்றால் எடுத்த பாதியில்தான் கோளாறு. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். கணக்கில் பத்து சென்ட் உதைத்தால் நாங்கள் இப்படித்தான் தேடுவோம்.

லாரி மேசை:
கிடைத்துவிட்டது! நாலாவது முறையில். போன மாதம் வேலையை விட்டுப் போன ஒருவருடைய காலண்டர். அதை மட்டும் எடுத்துவிட்டு மற்ற எட்டையும் திறந்தால் இரண்டே விநாடி. விசாரித்ததில், அவர் கணக்கை வெண்டர் சர்வரிலிருந்து நீக்கியது சரியாக இரண்டு வாரத்துக்கு முன்னால். இல்லாத பெட்டியைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறது. பிரவுசரில் என் காலண்டரை மட்டும் திறந்ததால் அங்கே அது தெரியவே இல்லை.

மேகவாசி:
ஆக, 38 ஜிபியும் இல்லை.

பழைய ஹெல்ப்டெஸ்க்:
ராமும் இல்லை.

அம்மா, அந்தக் காலண்டரை டிக் எடுத்தால் மட்டும் போதாது, பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது கை தவறி டிக் விழும். ஓஎஸ்டியையும் இளைக்க வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். ஸ்லைடரைக் குறைத்தால் மட்டும் கோப்பு சுருங்காது. அவுட்பாக்ஸில் போகாத மெயில் எதுவும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, அவுட்லுக்கை மூடி, கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். திறந்ததும் புதிதாக இறக்கிக்கொள்ளும். வெள்ளி மாலை செய்தால் சனி ஞாயிறு முழுக்க அதன் பாட்டுக்கு ஓடும்.

மேகவாசி:
இதுதான் நான் முதலில் சொன்னது. கணினியில் குறைவாக வை, சர்வரில் இருக்கட்டும். அண்ணன் அதையே ஒரு வருஷத்து அளவில் சொல்கிறார், நான் முழுசாகச் சொன்னேன்.

பழைய ஹெல்ப்டெஸ்க்:
முழுசாகச் செய்தால் ஆட்-இன் போகும், இவர் வேலையும் போகும். அந்த வித்தியாசம் சின்னதா?

லாரி மேசை:
திங்கட்கிழமை நிலவரம்: ஓஎஸ்டி 9 ஜிபி, காலண்டர் உடனே வருகிறது. திறக்கும்போது அந்த ஆறு விநாடி மட்டும் அப்படியே இருக்கிறது, கோப்பி கலக்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மூவருக்கும் நன்றி.

இன்னொன்று. இன்று மதிய சாப்பாட்டு நேரத்தில் முதலாளி சிம் லிம் ஸ்குவேர் போய் ராம் வாங்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டார். காலையிலேயே சரியாகிவிட்டது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மேகவாசி:
சொல்லாதீர்கள். முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.