0 டிகிரி சேத்துல இருக்கற பாக்டீரியா 20 டிகிரில ஏன் வேகமா வேலை செய்யுது?

கயல்:
எம்எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கறேன், செமினாருக்கு ஆர்க்டிக்ல இருக்கற ஸ்வால்பார்டு தீவோட கடலடி வண்டல எடுத்திருக்கேன். அங்க சேறு வருஷம் பூரா 0 டிகிரிய ஒட்டித்தான் கிடக்கு, ஆனா அதையே லேப்ல சூடாக்கி, ஆக்ஸிஜனுக்குப் பதிலா சல்பேட்ட வெச்சு பாக்டீரியா மூச்சு விடற வேலைய, அதாவது சல்பேட் ரிடக்‌ஷன் அளந்தா 20 டிகிரி தாண்டித்தான் உச்சம் வருது. அப்ப அதுங்க குளிருக்குப் பழகவே இல்லையா? ரெண்டு நாளா மண்டைய உடைச்சுக்கறேன்.

செல்வம்:
நல்லாவே பழகியிருக்குமா. நீ அளக்கறது அதோட மூச்சு வேகம், வளர்ச்சி வேற. அங்க எடுத்த டீசல்ஃபோடேலியா சைக்ரோஃபைலாங்கற பாக்டீரியா மைனஸ் 1.8 டிகிரிலயும் வளருது, நல்லா வளர்றது 10 டிகிரி பக்கம். சூடு ஏறினா என்சைம் ஓடும், ஆனா செல்லு பெருகாது.

மீனா:
குளிர்ல அதோட மெம்பரேன், அதாவது செல்லச் சுத்தியிருக்கற கொழுப்புச் சவ்வு, என்ன ஆகுதுன்னு பாருங்க. மார்கழில தேங்காயெண்ணெய் கட்டி தட்டிடும், பக்கத்துலயே இருக்கற நல்லெண்ணெய் அப்படியே இருக்கும், காரணம் அன்சாச்சுரேட்டட் கொழுப்பு. பாக்டீரியாவும் குளிர்ல அந்த மாதிரி கொழுப்பத்தான் மெம்பரேன்ல கூட்டிக்குது, இல்லன்னா அது இறுகி உள்ள சத்தே போகாது.

கயல்:
தேங்காயெண்ணெய்ல சட்டுனு புரிஞ்சிடுச்சுக்கா, ரொம்ப நன்றி!! ஆனா ஒரு பேப்பர்ல அதே சேறு 50 டிகிரிலயும் வேலை செய்யுதுன்னு இருக்கே, அதுக்கும் மெம்பரேன்தான் காரணமா?

செல்வம்:
இல்லமா, அது வேற ஆளுங்க. 2009ல வந்த அந்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. சூட்டுல வாழற பாக்டீரியாவோட ஸ்போர், அதாவது வளராம கெட்டி ஓட்டோட கிடக்கற வித்து, அந்தக் குளிர் சேத்துல தூங்கிட்டுக் கிடக்கு, ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 10 கோடிக்கு மேல வந்து விழுதுன்னு கணக்குப் போட்டாங்க, கடலடிப் பாறை இல்ல எண்ணெய்ப் படுகை மாதிரி சூடான இடத்துலேர்ந்து கசிஞ்சு வரலாம்ங்கறாங்க. 50 டிகிரி காட்டினதும் முழிச்சுக்குது. அதனால செமினார்ல ஒரே செல்லு தன்னை மாத்திக்கறதயும், கூட்டத்துல வேற ஆளு மேல வர்றதயும் தனித்தனியா சொல்லு, பலபேர் ரெண்டையும் பழக்கம்னு ஒண்ணாப் போட்டுக் குழப்பறாங்க.

மீனா:
நான் கழிமுகச் சேத்த வெச்சு இப்படித்தான் ஏமாந்தேன், கறுப்புச் சேறு, பாட்டில திறந்தாலே அழுகின முட்டை நாத்தம், மூணு நாள் சூட்டுல வெச்சுட்டு அதுவே பழகிடுச்சுன்னு எழுதிட்டேன். முதல் சில மணி நேரத்துலயும் ஒருதடவ அளந்துருங்க, அப்பதான் ஏற்கனவே முழிச்சிருந்தவங்க கணக்கு தனியா தெரியும்.