உடைமைவழி: செவ்ர் பூச்சாடிகளை முன்வைத்து

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> பிராவனன்ஸுக்குப் 'பிறப்பிடம்' என்றே எழுதலாமே?

போதாது ஐயா. பிராவனன்ஸ் (provenance) என்பது ஒரு கலைப்பொருள் செய்த இடத்திலிருந்து யார் யார் கைக்கு மாறி வந்தது என்ற வரலாறு. பிரான்ஸின் செவ்ர் பீங்கான் ஆலையில் செய்த பூச்சாடியையே எடுத்துக்கொள்வோம். அடியைத் திருப்பினால் நீல நிறத்தில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு 'எல்' (L) எழுத்துகள், நடுவே ஆண்டுக்கான எழுத்து. 1753-க்கு 'ஏ', அடுத்த ஆண்டுக்கு 'பி' என்று போகும். பிறப்பிடத்தை அதுவே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தக் குறியை மட்டும் நம்பி விவரம் அறிந்தவர்கள் வாங்குவதில்லை. அதைப் போலியாக வரைவது எளிது.

அதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. 1800-இல் பிரோன்னியார் இயக்குநரான பிறகு, ஆலையில் தேங்கிக் கிடந்த வண்ணம் தீட்டாத வெள்ளைப் பாண்டங்களை விற்றார்கள். வாங்கிய வெளியார் அவற்றில் பழைய பாணியில் பூவும் பொன்னும் தீட்டினார்கள். பாண்டம் செவ்ருடையது, ஓவியம் வேறு கையுடையது. இதற்கு எதைப் பிறப்பிடம் என்பது? சில நேரம் வண்ணமே காட்டிக்கொடுக்கும். குரோமியம் கண்டறியப்பட்டதே 1797-இல்தான். 1760-க்கான குறியுள்ள சாடியின் இலைகளில் குரோமியத்திலிருந்து செய்யும் குரோம் பச்சை இருந்தால், அந்த இலைகள் பின்னாளில் முளைத்தவை.

மற்றபடி காகிதம்தான் துணை. ஆலையின் விற்பனைப் பேரேடு, பதினைந்தாம் லூயி மன்னரின் காதலி மதாம் த பொம்பதூர் 1764-இல் இறந்தபின் எடுத்த சாமான் பட்டியல், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1793-இல் தொடங்கிய வெர்சாய் அரண்மனைப் பொருள்களின் ஏலம் என்று ஒவ்வொரு கையாகப் பின்தொடர வேண்டும். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்ப்போமே, அதே வேலை. ஆகவே 'உடைமைவழி' என்று முன்மொழிகிறேன். 'கைமாற்று வரலாறு' காதுக்கு நன்றாக இருந்தாலும், கைமாற்று என்றதும் நம்மவர்களுக்குக் கடன்தான் நினைவுக்கு வரும்.

---

> 'உடைமைவழி' என்று முன்மொழிகிறேன்

எனக்குச் சம்மதம். உடைமைவழிச் சான்று, உடைமைவழி ஆய்வு என்று தடையில்லாமல் நீள்கிறது. 'உடைமை வரலாறு' என்றும் யோசித்தேன், பட்டியலில் நீளமாகிவிடும். ஒரே ஐயம்: சாடி யாரிடம் இருந்தது என்று தெரியாத காலத்தை எப்படிக் குறிப்பது?

---

'வழியறுப்பு' எனலாம் அம்மா. நடுவில் முப்பது ஆண்டு தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் 'வழியறுப்பு' என்று வெளிப்படையாகப் போட வேண்டும். மழுப்பி எழுதும் ஏல அட்டைகளால்தான் இவ்வளவு குழப்பமும். அப்புறம், செய்த இடத்துக்கு 'ஆக்க இடம்' என்று தனியாக வைத்துக்கொள்வோம். மறுப்பில்லையென்றால் மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.