வேகம் கூட்டினால் குரல் கெடுகிறது, வழி சொல்லுங்கள்

ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்', 1993-இல் உலகமெங்கும் ஓடிய அந்த ஸ்டோன்பிரிட்ஜ் ரீமிக்ஸ், அதை என் டிஜே செட்டில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 பீட், முன்னும் பின்னும் வரும் பாட்டுகள் 126. வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்து வைக்கும் கீ லாக் வசதியைப் போட்டு வேகத்தை ஏற்றினால் அவர் இழுத்துப் பாடும் இடங்களில் குரல் தகரம் போல நடுங்குகிறது, 'ஸ' ஒலிகள் சீறுகின்றன. கீ லாக்கை எடுத்தால் நடுக்கம் போகிறது, ஆனால் சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரம் ஏறி, நெஞ்சிலிருந்து வரும் அந்தக் கனம் போய்விடுகிறது, அடுத்த பாட்டோடும் சேரவில்லை. ஹெட்போனில் இது அவ்வளவாகத் தெரியாது, ஹாலில் பெரிய ஸ்பீக்கரில் அப்பட்டமாகத் தெரிகிறது.

12 அங்குல இசைத்தட்டிலிருந்து டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வழியாக நானே பதிவு செய்த வேவ் கோப்பு இது. கடையில் வாங்கிய டிஜிட்டல் பிரதியிலும் இதே கதைதான். குரலைத் தனியாகப் பிரித்தும் பார்த்தேன், கோர்க் எம்1 சிந்தசைசரின் ஆர்கன் பேஸ் ஒலி குரலோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அப்புறம் கீ லாக்கின் தரத்தை உச்சத்தில் வைத்தேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

விட்டுவிடவும் மனசில்லை. அந்த ஆர்கன் பேஸ் தொடங்கியதுமே, பாட்டு வந்தபோது பிறக்காதவர்கள்கூட ஆட வந்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் செட்.

குரல் கெடாமல் 120-இலிருந்து 126-க்குப் போக நீங்கள் என்ன செய்கிறீர்கள்?